மரங்களின் தேர்தல்: பசுமைக் கட்சிகளைக் குறித்து ஓர் இறையியல் திறனாய்வு

நியாயாதிபதிகள் ஒன்பதாம் அதிகாரத்தில், கெரிசீம் மலையுச்சியில் நின்று யோதாம் சீகேம் நகரத்தாருக்குச் சொல்லும் கதையை நாம் அனைவரும் அறிவோம். தங்களுக்கு ஓர் அரசனை ஏற்படுத்திக்கொள்ள மரங்கள் புறப்படுகின்றன. ஒலிவமரம் தன் எண்ணெயையும், அத்திமரம் தன் கனியின் இனிமையையும், திராட்சச்செடி தன் இரசத்தையும் காரணங்காட்டி மறுத்துவிடுகின்றன. இறுதியில் முட்செடி இசைகிறது. நிழல் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாத அச்செடி தன் நிழலில் ஒதுங்குமாறு மற்ற மரங்களை அழைக்கிறது. இசையாவிடில் நெருப்புப் புறப்படும் என்று அச்சுறுத்தவும் செய்கிறது. இப்பகுதி நம் பிரசங்கபீடங்களில் பெரும்பாலும் ஒரே பொருளில் எடுத்தாளப்படுகிறது: நல்லோர் பதவியை நாடார், நாடுவோர் நல்லோர் அல்லர். (இதையே பிரசங்கித்தவர்கள் திருமண்டலத் தேர்தல் வரும்போது வீடுவீடாகச் செல்வதில் யாருக்கும் பின்வாங்குவதில்லை என்பது வேறு செய்தி.) மரத்துக்காகவும் நீருக்காகவும் பேசுவதையே தம் அடையாளமாகக் கொண்ட பசுமைக் கட்சிகள் ஐரோப்பாவில் அரைநூற்றாண்டாகத் தேர்தற்களத்தில் நிற்கின்றன, தமிழகத்திலும் அத்தகைய முயற்சி நிகழ்ந்துள்ளது. இந்நிலையில் மேற்கண்ட வியாக்கியானம் சரிதானா என்று கேட்பது அவசியமாகிறது.

மார்ட்டின் பூபர் 1932இல் வெளியிட்ட ‘கடவுளின் அரசாட்சி’ என்னும் நூலில், முடியாட்சிக்கு எதிராக உலக இலக்கியத்தில் எழுந்தவற்றுள் மிக வன்மையான கவிதை இக்கதையே என்று மதிப்பிட்டார். அதை நாம் மறுக்கவில்லை. ஆயின் கதையை அதன் முன்னுள்ள அதிகாரத்திலிருந்து பிரித்துப் படிக்கலாகாது. இஸ்ரவேலர் கிதியோனிடம் வந்து தங்களை ஆளுமாறு வேண்டுகின்றனர், அவன் மறுக்கிறான். மறுத்த கையோடு மக்களிடம் பொற்கடுக்கன்களைக் கேட்டு வாங்கி ஓர் ஏபோத்தை உண்டாக்குகிறான். அது அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் கண்ணியாகிறது. பொறுப்பு வேண்டாம், பொன் வேண்டும்! அவன் மகனுக்கு வழங்கிய அபிமெலேக்கு என்னும் பெயருக்கே ‘என் தகப்பன் அரசன்’ என்று பொருள் கூறுவர். அந்த அபிமெலேக்கே யோதாமின் முட்செடி. ஆகவே இவ்வரலாற்றில் மறுத்த முதல் ஒலிவமரம் கிதியோன்தான் என்று கொள்வதற்கு இடமுண்டு. அவன் மறுப்பு பக்தியாகத் தோன்றிற்று. அதன் விலையை எழுபது பிள்ளைகள் ஒரே கல்லின்மேல் கொடுத்தனர். நல்ல மரத்தின் மறுப்பும் நியாயத்தீர்ப்புக்கு உட்பட்டதே என்பது நம் கருத்து.

இனி, இசைந்த மரங்களின் கதைக்கு வருவோம். மேற்கு ஜெர்மனியின் பசுமைக் கட்சி 1980 ஜனவரியில் கார்ல்ஸ்ரூ நகரில் தொடங்கப்பட்டது. சூழலியல், சமூகநீதி, அடித்தள மக்களாட்சி, வன்முறையின்மை ஆகிய நான்கும் அதன் தூண்கள். 1983இல் 5.6 விழுக்காடு வாக்குகளுடன் நாடாளுமன்றம் புகுந்தபோது, பதவி எவரையும் பற்றிக்கொள்ளலாகாது என்பதற்காக உறுப்பினர் ஈராண்டில் இடத்தை விட்டு மற்றவருக்கு வழிவிடவேண்டும் என்று சுழற்சிமுறை வகுத்தனர். எண்ணெயைக் காத்துக்கொண்டே அரசாளலாம் என்னும் நம்பிக்கை அது. அம்முறை நிலைக்கவில்லை. 1998இல் அவர்கள் கூட்டணி அரசில் அமர்ந்தனர். மறு ஆண்டே கொசோவோ போர் வந்தது. வன்முறையின்மையைத் தூணாகக் கொண்ட கட்சியைச் சேர்ந்த யோஷ்கா பிஷர், வெளியுறவு அமைச்சராகப் போரை ஆதரித்தார். பீலபெல்ட் மாநாட்டில் தம் கட்சியினர் நடுவிலேயே சாயப்பை வீச்சுக்கு உள்ளானார். எனினும் அதே அரசு 2000ஆம் ஆண்டில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கெனச் சட்டம் இயற்றிற்று. அவர்கள் தொடங்கிவைத்த வழியிலேயே அந்நாட்டின் கடைசி மூன்று அணுவுலைகளும் 2023 ஏப்ரல் 15 அன்று மூடப்பட்டன. தெருவில் மட்டுமே நின்றிருந்தால் இது நிகழ்ந்திராது.

2024 பிப்ரவரியில் ஐரோப்பியப் பசுமைக் கட்சியினர் பிரான்சின் லியோன் நகரில் கூடி, ஜூன் மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஆயத்தமாயினர். 2019இல் 74 இடங்கள் பெற்றிருந்த அவர்கள் அணி 53 இடங்களுக்கு இறங்கிற்று. ஜெர்மனியில் அவர்தம் வாக்கு 20.5 விழுக்காட்டிலிருந்து 11.9 ஆயிற்று. காரணங்கள் பல. ஆயினும் இரண்டைக் குறிப்பிடவேண்டும். 2023இல் வீடுகளைச் சூடாக்கும் கருவிகளை மாற்றுவதற்கான சட்டம் வந்தபோது, அச்செலவு தன் தலையில் விழும் என்று சிறிய வீட்டுக்காரன் அஞ்சினான். கூட்டணி அரசு உழவர்க்கான டீசல் சலுகையைக் குறைக்க முனைந்தபோது, 2024 ஜனவரியில் டிராக்டர்கள் பெர்லின் வீதிகளை நிறைத்தன. படைப்பைக் காக்கவேண்டும் என்பதில் வாக்காளர் பலருக்கு ஐயமில்லை. யாருடைய செலவில் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அதற்குத் தெளிவான விடை வாராதபோது முட்செடிகள் நிழல் தருவதாக முன்வந்தன.

திருச்சபைக்கு இவ்வரலாற்றில் பங்கில்லை என்று எண்ணலாகாது. கிழக்கு பெர்லினின் சீயோன் ஆலயத்தில் 1986இல் சுற்றுச்சூழல் நூலகம் ஒன்று அமைக்கப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் டீட்ரிக் பான்ஹோபர் திடப்படுத்தல் வகுப்பு நடத்திய சபை அது. அரசு வெளியிட மறுத்த செய்திகளை அந்நூலகத்தார் அச்சிட்டுப் பரப்பினர். 1987 நவம்பரில் இரகசியக் காவலர் நள்ளிரவில் புகுந்து சிலரைச் சிறைப்படுத்தினர். மக்கள் மெழுகுவர்த்தியேந்தி ஆலயத்தில் கூடினர். அக்காலத்து உரிமை இயக்கங்களிலிருந்து எழுந்த அமைப்பே 1993இல் பசுமைக் கட்சியோடு இணைந்தது. ஓர் ஆலயத்தின் அறைகளை இளைஞர்க்குத் திறந்துவிட்டதற்கு இத்துணை விளைவு உண்டாயிற்று.

தமிழகத்தில் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது இடிந்தகரை. 2011இலிருந்து கூடங்குளம் அணுவுலைக்கு எதிராக அவ்வூர் லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தலில் மக்கள் அமர்ந்தனர்; ஆயிரக்கணக்கானோர்மீது தேசத்துரோக வழக்குகள் பதிவாயின. இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் சுப. உதயகுமாரன் 2014இல் ஆம் ஆத்மி கட்சியின் சார்பில் கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதியில் நின்றார். பின்னர் பச்சைத் தமிழகம் என்னும் கட்சியைக் கண்டு, 2016இல் அணுவுலை அமைந்துள்ள இராதாபுரம் தொகுதியிலேயே போட்டியிட்டார். கன்னியாகுமரியில் அவர் வைப்புத்தொகையை இழந்தார். சீர்திருத்தச் சபையார் செறிந்து வாழும் தொகுதி அது என்பதை நாம் மறக்கலாகாது. இராதாபுரத்தில் வென்றவர்க்கும் அடுத்தவர்க்கும் இடையே 49 வாக்குகளே வேறுபாடு. பெரிய கட்சிகள் இரண்டும் வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தன, உலையைப் பற்றிய விவாதம் எண்ணிக்கையில் இடம்பெறவில்லை. இங்கே ஒலிவமரம் இசைந்தது. மற்ற மரங்களே அதைத் தெரிந்துகொள்ளவில்லை. யோதாம் இப்படியொரு முடிவைக் கருதியதாகத் தெரியவில்லை.

நம் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலோ மறுத்த மரம். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக நாடியம்மன் கோயில் திடலில் கூடிய மக்கள் தமக்கென ஒரு கட்சியை நாடவில்லை. அவர்கள் தேர்தலில் நில்லாமலே ஒரு சட்டத்துக்குக் காரணமாயினர்: 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறிற்று. இதைக் காட்டி, நிற்பதைவிட மறுப்பதே நன்று என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் சட்டத்தின் எல்லையைப் பாருங்கள். இம்மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்களே அதற்குள் வந்தன. நெடுவாசல் உள்ளே, குடுமியான்மலை அடங்கிய அன்னவாசல் ஒன்றியம் வெளியே. இசைக் கல்வெட்டால் புகழ்பெற்ற இவ்வூரில் அரசின் அண்ணா பண்ணை இருக்கிறது. 2014இலிருந்து வேளாண்மைக் கல்லூரியும் இருக்கிறது. வேளாண்மை கற்பிக்கும் ஊர் வேளாண் மண்டலத்துக்கு வெளியே நிற்கிறது! காவிரிப் பாசனத்தை அளவுகோலாகக் கொண்டனர் என்பது விளக்கமாகலாம். கண்மாயை நம்பிய வானம் பார்த்த நிலத்துக்காகப் பேச, கோடு கிழிக்கப்பட்ட அவையில் ஒரு பசுமைக் கட்சியின் உறுப்பினரும் இல்லை. மறுப்பின் விலை இதுவே.

மற்றக் கட்சிகளின் பசுமையைப் பற்றி விரிவாகப் பேசவேண்டியதில்லை. பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் 1995இல் ‘பசுமைத் தாயகம்’ அமைப்பைத் தொடங்கினார். அக்கட்சி வெளியிட்டுவரும் நிழல் வேளாண் நிதிநிலை அறிக்கைகள் படிக்கத்தக்கவை. ஆயினும் ஒரு சமுதாயச் சங்கத்திலிருந்து வளர்ந்த கட்சி பொதுநிலத்தையும் பொதுநீரையும் பற்றிப் பேசும்போது, ‘பொது’ என்பதில் யார் யார் அடங்குவர் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

இக்கேள்வி நம்மை நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்கு இட்டுச்செல்கிறது. 1 இராஜாக்கள் இருபத்தோராம் அதிகாரத்தில் ஆகாப் அந்நிலத்தை எதற்காகக் கேட்டான்? கோட்டை கட்டவன்று, கீரைத்தோட்டம் போட. பசுமைக்காகவே கேட்டான்! அதற்கு நாபோத்தின் பிதிர்ச்சுதந்தரமும் உயிரும் போயின. புதுக்கோட்டை மாவட்டத்தின் பல பகுதிகளில் தைலமரங்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் நிற்கின்றன. காகித ஆலைகளுக்காக வளர்க்கப்படும் இவையும் வரைபடத்தில் பச்சையே. அவை நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன, அத்தோப்புகளுக்குள் எழுப்பிய கரைகள் மழைநீரைக் கண்மாய்க்கு வரவிடாமல் தடுக்கின்றன என்பது இம்மாவட்ட உழவர்களின் நெடுநாள் முறையீடு. நிழல் தருவதாகச் சொல்லும் செடி எது என்று யோதாமின் கதையைக் கேட்டவர்க்குச் சொல்லவேண்டியதில்லை.

நீருக்கும் இது பொருந்தும். இதே அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்த வேங்கைவயலில் 2022 டிசம்பரில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது வெளியாயிற்று. நீர்வளம் பற்றி அறிக்கை எழுதும் எக்கட்சியும் இதைச் ‘சுற்றுச்சூழல்’ என்னும் தலைப்பின்கீழ் எழுதத் துணிய வேண்டும். சட்டம் ஒழுங்கு என்றோ ஆதிதிராவிடர் நலம் என்றோ வேறு பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, நதிகளையும் ஏரிகளையும் குறித்து அழகாக எழுதும் அறிக்கை ஆகாபின் தோட்டத்துக்கு வரைந்த படமேயாகும். ஐரோப்பியப் பசுமைக் கட்சியினரைத் தடுமாறச் செய்த ‘யாருடைய செலவில்’ என்னும் கேள்வி, நம் நாட்டில் சாதியின் உருவத்தில் நிற்கிறது.

தேர்தல் நெருங்கும்போது வேட்பாளர்கள் நம் ஆயரகங்களுக்கும் வருகின்றனர். சிலர் ஆலய வளாகத்தில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கின்றனர். நாமும் ஜெபம் செய்து அனுப்புகிறோம். ஆயர்களும் இறையியல் மாணவர்களும் அவ்வேளையில் கட்சியின் அறிக்கையைக் கையில் வைத்திருப்பது நலம். அன்னவாசலைப் போன்ற ஒன்றியங்களை வேளாண் மண்டலத்தில் சேர்ப்பதுபற்றி அதில் என்ன இருக்கிறது? தைலமரத் தோப்பிலிருந்து கண்மாய்க்கு நீர் வரும் வழி திறக்கப்படுமா? எல்லாச் சேரிகளுக்கும் ஊருக்கும் ஒரே தொட்டியிலிருந்து குடிநீர் தருவதற்குக் கட்சி இசையுமா? பெரிய கட்சியின் வேட்பாளராயினும், வைப்புத்தொகையை இழக்கப்போகும் சிறிய பசுமைக் கட்சியின் வேட்பாளராயினும், இவை மூன்றையும் கேட்டு, பெற்ற விடையை அடுத்த ஞாயிறு சபையாருக்கு அறிவிக்கலாம்.