துரை தனியாகவா போனார்?

வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த வேட்டைக் குறிப்புகளைத் தியான நூல்கள் போலப் படிக்கச் சொல்லும் ஒரு போக்கு கிளம்பியிருக்கிறது. கொன்றதை விடுங்கள், மலையில் ஒரு மனிதன் தன்னந்தனியாக நின்ற அனுபவத்தைப் பாருங்கள் என்கிறார்கள். கோவையில் புத்தகம் பேசும் நண்பர்கள் சிலரும் இதற்குத் தலையாட்டுகிறார்கள்.

அந்த எழுத்தில் சரக்கு இல்லாமல் இல்லை. காற்று பார்த்து நடப்பதும், விடியலில் சோலையை விட்டுப் புல்வெளிக்கு வரும் கடமானுக்காக அசையாமல் கிடப்பதும் நம் பயணக் கட்டுரைகளில் காணக் கிடைக்காத கூர்மை. என் உடன்பாடு அத்தோடு சரி.

அந்தத் தனிமையே பொய். ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் டக்ளஸ் ஹாமில்டன் ஆடிய வேட்டைகள் 1892இல் நூலாக வந்தன. அந்தக் காலத்து வேட்டை எப்படி நடந்தது? தடம் பார்க்கக் காடர், மலசர் பழங்குடிகளில் ஒருவர் முன்னால் போவார். சோலைக்குள் இறங்கிக் கூச்சலிட்டு மானைக் கலைக்க ஒரு கூட்டம். சமையலுக்கும் கூடாரம் சுமக்கவும் வேறு ஆட்கள். வளர்ந்த ஆண் கடமான் 200 கிலோவைத் தாண்டும். அதை எந்தத் துரை ஒற்றை ஆளாக மலையிறக்கினார்? கூட இருந்தவர்களை ஆளாகவே எண்ணாத சௌகரியத்துக்குத் தனிமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

நுவரெலியாவில் நாய்களை ஏவிக் கடமான் வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் நூலில் கில்பக், ஸ்மட் என்று நாய்களுக்குப் பெயருண்டு, புகழாரமும் உண்டு. கூலியாட்களுக்கு அந்தத் தாராளம் இல்லை.

காட்டின் அமைதியும் தானாக வந்ததல்ல. 1877இல் நீலகிரியில் வேட்டைச் சங்கம் அமைந்தது. 1879இல் உரிமமும் பருவத் தடையும் சட்டமாயின. உரிமம் வாங்க வசதியுள்ளவர் கனவான் ஆனார். அதே காட்டில் பிறந்தவர் திருட்டு வேட்டைக்காரர் ஆனார்.

வேட்டைக் கதைகள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் கூட வந்தவர்களை மறைக்கவில்லையே என்பார்கள். 1954இல் வந்த முதல் நூலிலேயே பைரா என்ற பூசாரிக்குத் தனி அத்தியாயம் கொடுத்தவர் அவர், மறுக்கவில்லை. விதிவிலக்கென்று காட்ட எல்லோரும் அவரிடமே ஓடவேண்டியிருப்பதுதான் என் வழக்குக்குச் சாட்சி.

இந்த நூல்களை மறுபதிப்புப் போடும் பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னுரையில் தனிமையைப் புகழுமுன், டாப்ஸ்லிப் பக்கம் எருமைப்பாறைக் காடர் குடியிருப்பில் பெரியவர்கள் யாரிடமாவது கேட்டு நாலு பக்கம் சேர்த்துவிடுங்கள்.