மாடிப்படியில் தொங்கிய இரண்டு மைக்குகள்

எந்த ஸ்பீக்கரைக் கேட்கப் போனாலும் நான் கையோடு எடுத்துப் போவது ஒரே இசைத்தட்டுதான்: 1971-ல் வந்த லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம். அதிலும் கடைசிப் பாட்டு, 'வென் த லெவீ பிரேக்ஸ்'. முழுப் பாட்டும் வேண்டாம். மற்றவர்கள் வந்து சேர்வதற்கு முன் டிரம்மர் ஜான் பான்ஹம் தனியாக அடிக்கிற அந்தச் சில விநாடிகள் போதும். அந்த ஸ்பீக்கர் ராக் இசைக்கு ஆகுமா ஆகாதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அந்த டிரம்ஸ் ஸ்டுடியோவில் பதிவானது அல்ல. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்றொரு பழைய வீடு. 1795-ல் ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்குவதற்காகக் கட்டியது. கூடத்தில், மாடிப்படியின் அடியில் டிரம்ஸ். மேல்தளத்திலிருந்து ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் தொங்கவிட்ட இரண்டு பேயர்டைனமிக் எம்160 ரிப்பன் மைக்குகள். கிக் டிரம்முக்கென்று தனி மைக் கிடையாது. வெளியே நின்ற ரோலிங் ஸ்டோன்ஸ் ஒலிப்பதிவு வண்டியில் கம்ப்ரஸர் அந்த ஓசையை அழுத்திப் பிடித்தது. பின்சன் எக்கோரெக் அதற்கொரு வால் சேர்த்தது. பிறகு டேப்பின் வேகத்தையும் குறைத்தார்கள். ஆகவே நாம் கேட்பது தோலில் குச்சி படுகிற சத்தத்தை மட்டும் அல்ல. அந்தக் கூடம் மூச்சு வாங்குவதை. ஒவ்வொரு அடி முடிந்ததும் கம்ப்ரஸர் பிடியைத் தளர்த்த, சுவரின் எதிரொலி மேலெழும்பி வரும். அடுத்த அடி அதை மறுபடி கீழே தள்ளும். நாற்பது வருடமாகக் கேட்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு டெமோ அறையில் இந்தத் தட்டை நீட்டினேன். 300பி ட்யூபில் ஓடும் எட்டு வாட் ஆம்ப், கைக்கடக்கமான இரண்டு எல்எஸ்3/5ஏ மானிட்டர்கள். விலையைச் சொன்னால் சின்ன கார் வாங்கிவிடலாம். முதலில் அவர்கள் விருப்பப்படி ஒரு பெண் குரல், பியானோ, டபுள் பாஸ். அழகாகத்தான் இருந்தது. பாடகி உதடு பிரிப்பதுகூடக் கேட்டது. அடுத்து பான்ஹம் வந்தார். பக்கத்து அறையில் யாரோ அட்டைப்பெட்டியைத் தட்டினார்கள். கூடமும் இல்லை, படிக்கட்டும் இல்லை.

300பி ரசிகர்கள் என்மேல் வருத்தப்படக்கூடாது. அந்த ட்யூபின் குரல் இனிமையை நானும் அறிவேன். எல்எஸ்3/5ஏ-யும் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த அருமையான பெட்டி. இடப்பற்றாக்குறையில் பேச்சுக் குரலைச் சரிபார்க்க அதற்கு நிகர் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்தப் பெட்டி ஒரு வாட்டுக்குத் தருவது சுமார் 83 டெசிபல். எட்டு வாட்டுக்கு 92. அருகில் இருந்து கேட்கும் ஸ்நேர் அடியின் உச்சமோ 110-ஐத் தாண்டும். 92-லிருந்து 112-க்கு ஏற நூறு மடங்கு சக்தி, அதாவது 800 வாட் வேண்டும். அவ்வளவு கொடுத்தால் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் கருகிவிடும். 'சத்தத்தைக் குறைத்துக் கேளுங்களேன்' என்பார்கள். குறைத்தால் நம் காதே முதலில் பாஸைத்தான் கைவிடுகிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது.

இன்னொன்றும் உண்டு. இதுபோன்ற சிங்கிள் எண்டட் ட்யூப் ஆம்ப் சேர்க்கும் இரண்டாம் ஹார்மோனிக், தனிக் குரலுக்குத் தேன். ஏற்கெனவே மார்ஷல் ஆம்பில் முறுக்கிப் பிழிந்த கிடார், அதன்கீழ் பாஸ், மேலே சிம்பல் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வரும்போது அதே சேர்க்கை ஒன்றோடொன்று பெருகிச் சேறாகிறது. வேண்டிய அழுக்கை வாசிப்பவர் அளந்து போட்டுவிட்டார். ஆம்ப் தன் பங்குக்குப் போடவேண்டியதில்லை.

எதிர்முனையில் இருக்கும் வைர ட்வீட்டர் கோஷ்டியோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. ராக் கிடார் வெளிவருவது பன்னிரண்டு அங்குலக் காகிதக் கூம்பு வழியாக. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்கு மேலே மிஞ்சுவது சிம்பலின் சீறலும் மாஸ்டரிங்கில் நசுக்கிய தடயமும்தான். 2008-ல் வந்த மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னடிக்' போன்ற தட்டை அத்தகைய ட்வீட்டரில் கேட்டால் பத்து நிமிடத்தில் காது வலிக்கும்.

எனக்கு வேண்டியது காற்றைத் தள்ளுகிற ஸ்பீக்கர். அப்படி ஒன்றை முதலில் கேட்டது பெரம்பூரில்: கப்பலில் வேலை பார்த்த நண்பனின் அண்ணன் கொண்டுவந்திருந்த ஜேபிஎல் எல்100. ஸ்டுடியோக்களில் இருந்த 4310 மானிட்டரின் வீட்டு வடிவம்; 1970-ல் வந்தது. முன்னால் ஆரஞ்சு நிறக் கட்டம் கட்டமான நுரை, உள்ளே பன்னிரண்டு அங்குல வெள்ளைக் கூம்பு. அளவுகோல் வைத்துப் பார்த்தால் அதன் ஒலி சீரானதல்ல, பாடகர் எங்கே நிற்கிறார் என்று துல்லியமாகக் காட்டவும் காட்டாது. ஆனால் பான்ஹம் முதல் அடியை அடித்தபோது அது வயிற்றில் விழுந்தது, ஜன்னல் கொக்கி நடுங்கியது. அண்ணன் எழுந்துபோய்க் கொக்கியைப் போட்டுவிட்டு, ஊசியை மறுபடி ஆரம்பத்தில் வைத்தார்.

இப்போது கடைகளில் நிற்பவை பெரும்பாலும் ஒல்லிக் கோபுரங்கள். ஆறரை அங்குல வூஃபர்கள் இரண்டு மூன்றை அடுக்கி, பன்னிரண்டுக்குச் சமம் என்கிறார்கள். பரப்பளவிலேயே சமமாகாது; அது போக, அந்த அகலமான முன்பலகையிலிருந்து மொத்தமாகப் புறப்பட்டு வருகிற அடி எனக்கு அவற்றில் கிடைக்கவில்லை. டெமோவுக்கு வைத்திருக்கும் பாடல்களும் அவற்றுக்கு ஏற்ப மெலிந்துவிட்டன. டிரம்ஸ் என்றால் பிரஷ்தான் என்று ஆகிவிட்டது.

போன மாதம் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். ஆரஞ்சு நுரை எப்போதோ பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. கூம்பின் விளிம்பு துணி என்பதால் அப்படியே இருக்கிறது. விரலால் மெல்ல அழுத்தினேன். உள்ளே போய், அதே நிதானத்தோடு திரும்பி வந்தது.