பிரித்தானிய வாக்கெடுப்பும் ஆங்கில நாவலும் – ஒரு நோக்கு

2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23ஆம் திகதி ஐக்கிய இராச்சியத்தில் நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகவேண்டும் என 51.9 சதவீதத்தினரும், அதிலே தொடர்ந்திருக்க வேண்டும் என 48.1 சதவீதத்தினரும் வாக்களித்தனர். 1975இல் நடைபெற்ற வாக்கெடுப்பில் அன்றைய ஐரோப்பியப் பொதுச் சந்தையில் இருப்பதையே மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்திருந்தனர். நாற்பத்தொரு ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் அந்நாட்டு மக்களையே திகைப்பில் ஆழ்த்தியது. மீண்டும் ஒரு வாக்கெடுப்பைக் கோரிய மனுவில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். இலண்டன் வீதிகளிற் பேரணிகள் நிகழ்ந்தன. மறுபுறம், இழந்த இறைமையை மீட்டோம் எனக் கொண்டாடியோர் பலர். குடியேறி வாழ்வோர் மீது வசைகளும் தாக்குதல்களும் பெருகின. 2020 ஜனவரி 31ஆம் திகதி பிரித்தானியா விலகியபோதும் இவ்வுணர்வுகள் அடங்கிவிடவில்லை.

சமூகம் இவ்வாறு இரண்டாகப் பிளவுபட்ட வேளையில் ஆங்கிலப் படைப்பாளிகள் வாளாவிருக்கவில்லை. வாக்கெடுப்பு நடந்து சில மாதங்களுக்குள்ளேயே அதனைப் பொருளாகக் கொண்ட நாவல்கள் வெளிவரலாயின. அவற்றை ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. தோற்றோரின் துயரத்தை இப்படைப்புகள் உள்ளிருந்து அறிந்துள்ளன. வென்றோரின் முடிவையோ பெரும்பாலும் வெளியே நின்றே பார்த்துள்ளன. இக்குறைபாட்டைத் தனிப்பட்ட எழுத்தாளர்களின் திறமைக் குறைவு எனக் கொள்வது பொருந்தாது. ஆங்கில நூல் வெளியீட்டின் மையம் இலண்டன். அந்நகரில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் ஒன்றியத்தில் இருப்பதற்கே வாக்களித்தனர். எழுத்தாளர், பதிப்பாளர், வாசகர் ஆகிய மூவரும் ஒரே வர்க்கச் சூழலில் வாழும்போது, அச்சூழலின் எல்லை படைப்பின் எல்லையாகவும் அமைந்துவிடுகிறது.

இவ்வகையில் முதலில் நோக்கத்தக்கது அலி ஸ்மித்தின் 'இலையுதிர்காலம்' என்னும் பொருள்படும் தலைப்புடைய நாவலாகும். 2016 ஒக்டோபரில் வெளிவந்த இந்நாவல், 32 வயதுடைய கலை வரலாற்று விரிவுரையாளர் எலிசபெத்துக்கும் 101 வயதுடைய டானியலுக்குமிடையிலான நட்பைக் கூறுகிறது. நாடு முழுவதும் ஒரே வேளையில் நிலவிய எதிரெதிரான உணர்வுகளை, ஒரே தொடக்கமுடைய வாக்கியங்களை அடுக்கி ஸ்மித் காட்டும் பகுதி, உரைநடையிற் சாதிக்கப்பட்ட அரியதோர் ஒப்பாரி எனலாம். இரு தரப்பினரையும் சமமாக நிறுத்த முயலும் பகுதி அது. ஆயினும் நாவலின் ஏனைய இடங்களில் விலகலை விரும்பியோர் முகமற்றவர்களாகவே வருகின்றனர். வீதியில் எழும் பாட்டாகவும், குடியேறியோரை வெளியேறச் சொல்லும் சுவரெழுத்தாகவுமே அவர்கள் அறியப்படுகின்றனர். சுவரில் எழுதியவன் யார், அவனை எழுதத் தூண்டியது யாது என்னும் வினாக்களுக்கு நாவலில் இடமில்லை.

ஜொனதன் கோ எழுதிய 'நடு இங்கிலாந்து' (2018) இதனினும் விரிந்த களத்தையுடையது. 2010 முதல் 2018 வரையான காலப்பகுதியைப் பேர்மிங்காமைச் சார்ந்த ஒரு குடும்பத்தினூடாக அது சித்திரிக்கிறது. சோபி இருக்கவேண்டும் என்கிறாள். அவளுடைய கணவன் இயன் விலகவேண்டும் என்கிறான். அரசியல் வேறுபாடு இல்லறத்தையே குலைக்க, இருவரும் ஆலோசகரை நாடவேண்டியதாகிறது. லோங்பிரிட்ஜ் மோட்டார் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர், அது இருந்த இடத்தைக் காணவரும் காட்சி நாவலின் உச்சங்களுள் ஒன்று. 2005இல் அந்நிறுவனம் வீழ்ந்தபோது ஏறத்தாழ 6,000 பேர் வேலையிழந்தனர். தம் உழைப்பின் தடயமே இல்லாத நிலத்தில் நிற்கும் அம்முதியவரின் திகைப்பு, பொருளாதார ஆய்வுகள் உணர்த்த இயலாததை உணர்த்துகிறது. இயனின் தாய் ஹெலெனா வறியவளல்லள். வசதியான கிராமப்புறத்தில் வாழ்பவள். அவளுடைய மென்மையான பேச்சினூடே வெளிப்படும் இனவெறுப்பைக் கோ நுட்பமாகக் காட்டியுள்ளார். எனினும் இயனுடைய முடிவுக்குப் பதவியுயர்வு கிட்டாத ஏமாற்றமே முதன்மைக் காரணமாகத் தோன்றுமாறு கதை அமைந்துவிடுகிறது. சோபிக்குக் கொள்கை உண்டு. இயனுக்கோ மனக்குறை மட்டுமே உண்டு. இச்சமனின்மை நாவலின் யதார்த்தத்தைக் குறைக்கின்றது.

இயன் மக்இவனின் 'கரப்பான்பூச்சி' (2019) அங்கத வகையைச் சார்ந்த குறுநாவலாகும். காஃப்காவின் 'உருமாற்றம்' கதையைத் தலைகீழாக்கி, கரப்பான்பூச்சி ஒன்று பிரதம மந்திரியாகி, பணத்தின் ஓட்டத்தையே எதிர்த்திசையில் திருப்பும் கொள்கையைச் சட்டமாக்குவதாக அவர் புனைந்துள்ளார். தொழிலாளி வேலை செய்வதற்குப் பணம் செலுத்துவதும், கடையிற் பொருள் வாங்குவோர் பணம் பெறுவதும் இக்கொள்கையின் விளைவுகள். நகைப்புக்குக் குறைவில்லை. ஆனால் அங்கதம் உயிர்பெறுவது எதிராளியின் நியாயத்தை அறிந்து அதனைத் தகர்க்கும்போதே. இங்கு பூச்சிகளாவோர் அமைச்சர்களே, வாக்காளர்கள் அல்லர் என ஆசிரியர் சார்பில் வாதிடலாம். அவ்வாறாயின் ஒரு கோடியே எழுபத்துநான்கு இலட்சம் வாக்காளர்கள் கதையில் எங்கே? அவர்கள் பொருட்படுத்தத்தக்கவராகவே கருதப்படவில்லை. 1994இல் றுவண்டாவில் இதே பூச்சியின் பெயர் ஒரு மக்கட் கூட்டத்தை அழிப்பதற்கான முழக்கமாயிற்று என்பதை அறிந்த வாசகர் இவ்வுருவகத்தைக் கண்டு எளிதிற் சிரித்துவிட முடியாது.

மக்களின் சொற்களையே மேடையேற்றும் முயற்சியொன்றும் நிகழ்ந்தது. கரோல் ஆன் டஃபியும் றூபஸ் நொறிசும் தேசிய அரங்குக்காக ஆக்கிய 'எனது நாடு' (2017) என்ற நாடகம், பல பிரதேச மக்களிடம் பெற்ற நேர்காணல்களைக் கவிதையோடு இணைத்தது. குரல்கள் உண்மையானவை. ஆனால் வாழ்க்கையிலிருந்து பிரித்தெடுத்த கூற்றுகள் தம்மளவில் மனிதரை உருவாக்கிவிடுவதில்லை.

அந்தனி காட்றைற்றின் 'த கட்' (2017) சிறப்பிடம் பெறுவது இதனாலேயே. 'வெட்டு' எனப் பொருள்படும் இச்சொல் அவர் பிறந்த பிரதேச வழக்கிற் கால்வாயையும் குறிக்கும். களம், 67.6 சதவீதத்தினர் விலகலை ஆதரித்த டட்லி நகரம். நிலையான வேலையற்ற முன்னாள் குத்துச்சண்டை வீரன் கைரோவை, இலண்டனிலிருந்து ஆவணப்படம் எடுக்கவரும் கிறேஸ் சந்திக்கிறாள். வாக்கெடுப்புக்கு முன்னும் பின்னுமாகக் கதை மாறிமாறிச் செல்கிறது. ஏனைய நாவல்கள் அறியாமலே மேற்கொண்ட 'வெளியிலிருந்து பார்க்கும் பார்வை' இங்கு கமராவாக உருப்பெற்று, கதையின் பொருளாகவே அமைகிறது. பார்க்கப்படுபவன் பார்ப்பவளைத் திருப்பிப் பார்க்கிறான். அவனது பேச்சுமொழியும் திருத்தப்படாமலே ஒலிக்கிறது. இரு பிரித்தானியாக்களுக்கிடையே ஒரு பாலமாக அமையவேண்டும் எனப் பதிப்பகம் கேட்டு எழுதுவித்த நாவல் இது. ஆயினும் அதன் துயர முடிவு எளிதான பாலம் எதுவும் இல்லை என்றே கூறுகிறது.

இந்நாவலைப் போற்றுவோர் மற்றொரு தவறில் விழுதலும் கூடாது. விலகலுக்கான வாக்கு முழுவதையும் கைவிடப்பட்ட தொழிலாளரின் சினம் என விளக்குதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. தொழில்கள் நலிந்த கிளாஸ்கோவில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்தனர். இங்கிலாந்தின் வசதிமிக்க கிராமங்கள் பல விலகலை ஆதரித்தன. கைரோவும் ஹெலெனாவும் ஒரே பெட்டியில் ஒரே வகை வாக்கை இட்டனர். இருவரையும் ஒருங்கே உள்ளிருந்து காட்டும் நாவலே அவ்வாக்கெடுப்பின் முழுமையான நாவலாக முடியும். மேற்குறித்த படைப்புகளுள் எதுவும் அத்தகையதன்று.

ஒருவனின் முடிவுக்கான காரணத்தை விளங்கிக்கொள்வது அம்முடிவை ஏற்பதாகாது; அதன் பெயரால் நிகழ்ந்த இனவெறுப்பை மன்னிப்பதுமாகாது. வாக்கெடுப்பு மக்களிடம் ஆம், இல்லை என்னும் இரு விடைகளையே கேட்கிறது. அவ்விடைகளுக்குப் பின்னால் உள்ள வாழ்க்கையைக் கேட்பது இலக்கியத்தின் பணி. தனக்கு உவப்பான பாதியை மட்டும் கேட்கும் இலக்கியமும் ஒரு வாக்குச் சீட்டாகவே சுருங்கிவிடுகிறது.