முடி நிறம் அல்ல பிரச்னை: அனிமேயை ஆள் வைத்து எடுக்கும்போது

ஏதாவது ஒரு அனிமேயை லைவ் ஆக்‌ஷனாக எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், சண்டை ஆரம்பித்துவிடும். முதல் ஸ்டில் வந்ததும் முடி நிறம் சரியில்லை, விக் மாதிரி இருக்கு, சட்டை இப்பத்தான் கடையில் வாங்கின மாதிரி இருக்கு, நடிகருக்கு வயசு ஜாஸ்தி. நானும் பல வருஷம் இந்தக் கூட்டத்தில் நின்று கத்தியவன்தான். அதனால் யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஆனால் போன மாதம் நாலு அனிமேக்களையும் அவற்றின் லைவ் ஆக்‌ஷன் வடிவங்களையும் அடுத்தடுத்து மறுபடி பார்த்தேன். பார்த்து முடித்தபோது ஒன்று உறுத்தியது. தோற்றத்தில் அச்சு அசலாக இருந்த படம் எனக்குப் பிடிக்கவில்லை. நிறைய மாற்றிய படம் பிடித்திருந்தது. அப்படின்னா இத்தனை வருஷம் நான் கத்தியது எதற்காக? அதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன். கதை முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது, பார்க்காதவர்கள் கவனிக்கவும்.

முதலில் அனிமே ஏன் அனிமே மாதிரி இருக்கிறது என்று பார்க்கணும். 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' ஜப்பான் தொலைக்காட்சியில் வர ஆரம்பித்தது. வாரம் ஒரு அரை மணி நேர அத்தியாயம், அதுவும் மிகக் குறைந்த பணத்தில். டிஸ்னி படங்களில் ஒரு நொடிக்கு 12 முதல் 24 படங்கள் வரைவார்கள். இங்கே நொடிக்கு 8, பல இடங்களில் அதற்கும் கீழே. ஒரே படத்தை வைத்துக்கொண்டு கேமராவை மட்டும் நகர்த்துவது, உடம்பு அப்படியே நிற்க வாயை மட்டும் அசைப்பது, ஒருமுறை வரைந்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் போடுவது என்று எல்லாமே மிச்சம் பிடிக்கும் வழிகள். அமெரிக்காவிலும் இந்தச் சிக்கனம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் ஜப்பானிய இயக்குநர்கள் அடுத்த முப்பது வருஷத்தில் அந்தச் சிக்கனத்தையே ஒரு மொழியாக மாற்றிக்கொண்டார்கள்.

உதாரணம், 'எவாஞ்சலியன்' 22ஆம் அத்தியாயம். ரெய், அஸுகா இரண்டு பெண்களும் லிஃப்டில் நிற்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் பேச்சில்லை, அசைவும் இல்லை. லிஃப்ட் ஓடும் சத்தம் மட்டும். செலவு என்று பார்த்தால் இதைவிட மலிவான காட்சி இருக்க முடியாது. ஆனால் பார்க்கிற நமக்கு மூச்சு முட்டும். ஏனென்றால் வரைந்த முகம் உண்மையிலேயே அசையாது. அதில் கோபமா, பயமா, வெறுப்பா என்று எதுவும் எழுதி ஒட்டவில்லை, நாம்தான் போட்டு நிரப்புகிறோம். இதே இடத்தில் இரண்டு நடிகைகளை நிறுத்துங்கள். கண் சிமிட்டுவார்கள், தொண்டை ஏறி இறங்கும், மூச்சு விடுவார்கள். முகமே ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும். அது மட்டமானது என்று சொல்லவில்லை, வேறு ஒரு விஷயம் என்கிறேன்.

என் தொழிலில் இதற்குப் பழக்கமான ஒரு நிலைமை உண்டு. பழைய நிரலை ஒரு புதிய தளத்துக்கு மாற்றச் சொல்வார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் வினோதமான ஒரு வளையம் இருக்கும். நினைவகம் குறைவாக இருந்த காலத்தில் யாரோ அதற்காக எழுதியது. அதை அப்படியே வரிக்கு வரி நகல் எடுத்தாலும் தப்பு, தேவையில்லை என்று தூக்கிப் போட்டாலும் தப்பு. அது அங்கே என்ன வேலை செய்தது என்று தெரிந்த பிறகுதான் கை வைக்கணும். லைவ் ஆக்‌ஷன் எடுப்பவர்கள் இரண்டு தப்பையும் செய்கிறார்கள் என்பது என் கருத்து.

நகல் எடுத்ததற்கு உதாரணம் 'கோஸ்ட் இன் த ஷெல்'. மசமுனே ஷிரோவின் மங்காவை 1995இல் மமோரு ஓஷீ அனிமேயாக எடுத்தார். 2017இல் ரூபர்ட் சாண்டர்ஸ் இயக்கத்தில், ஸ்கார்லெட் ஜோஹான்சன் நடித்து ஹாலிவுட் வடிவம் வந்தது. தண்ணீர் தேங்கிய இடத்தில் உருவம் தெரியாமல் போடும் சண்டை, சிலந்தி மாதிரி டாங்க், உடல் உருவாகும் தொடக்கக் காட்சி, எல்லாமே அசலைப் பார்த்துப் பார்த்து எடுத்தவை. ஒவ்வொரு ஸ்டில்லாக வைத்துப் பார்த்தால் ரசிகன் குறை சொல்ல இடமே இல்லை.

ஆனால் ஓஷீ படத்தின் நடுவில் ஒரு பகுதி இருக்கிறது. மூன்று நிமிஷத்துக்கும் மேலே வசனமே கிடையாது, கதையும் நகராது. ஹாங்காங் சாயலில் ஒரு நகரம், கால்வாய்கள், மழை, கென்ஜி கவாயின் இசை. குசனாகி படகில் போகிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் முகத்தோடேயே இன்னொரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். கடைக் கண்ணாடிக்குள் துணிக்கடை பொம்மைகள் நிற்கின்றன. இந்த உடம்பு என்னுடையதுதானா, இதே மாதிரி எத்தனை இருக்கின்றன என்ற சந்தேகத்தை ஒரு வார்த்தை பேசாமல் நமக்குள் இறக்கிவிடும் இடம் அது. 2017 படத்திலும் நகரம் உண்டு. பிரம்மாண்டமான ஹோலோகிராம் விளம்பரங்கள், பறக்கும் கேமரா. ஆனால் நின்று பார்க்க நேரம் இல்லை.

"நிஜ கேமராவில் இப்படி நிற்க முடியாது" என்று சொல்வார்கள். ஏன் முடியாது? யசுஜிரோ ஓஸு தன் படங்களில் காலியான தாழ்வாரத்தையும் கொடியில் காயும் துணியையும் காட்டிக்கொண்டு நின்றவர்தானே.

இதைவிடப் பெரிய விஷயம் கதையின் திசை. ஓஷீயின் குசனாகி கடைசியில் தன் பழைய எல்லையை விட்டுவிட்டு, வலையில் பிறந்த 'பப்பெட் மாஸ்டர்' என்ற அறிவோடு கலந்து வேறொன்றாக ஆகிறாள். 2017 படத்தில் அதே மாதிரி ஒன்றாகக் கலக்க குசே கூப்பிடுகிறான், மேஜர் மறுக்கிறாள். அவளுக்கு வேண்டியது தொலைந்துபோன பெயரும் அம்மாவும். தன் பெயர் பொறித்த கல்லறைக்கே வந்து அம்மாவைச் சந்திக்கிறாள். ஒன்றில் 'நான்' என்பதை விட்டுப் போகிறாள், இன்னொன்றில் 'நான்' என்பதைத் தேடிப் பிடிக்கிறாள். படங்கள் ஒன்று, கேள்வி தலைகீழ். நகல் எடுத்தவர்கள் வளையத்தைக் காப்பியடித்தார்கள், அது எதற்கு இருந்தது என்பதை விட்டுவிட்டார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லணும். ஜப்பானியப் பாத்திரத்துக்கு வெள்ளைக்கார நடிகையா என்ற எதிர்ப்பை முடி நிறச் சண்டையோடு சேர்க்கக் கூடாது. ஹாலிவுட்டில் ஆசிய நடிகர்களுக்கு முக்கிய வேடம் கிடைப்பதில்லை என்ற நியாயமான கோபம் அது. ஓஷீயே இந்தத் தேர்வை ஆதரித்துப் பேசினார் என்பதும் உண்மை. ஆனால் படம் தானாகவே வந்து மாட்டிக்கொள்கிறது. மோட்டோகோ என்ற ஜப்பானியப் பெண்ணின் மூளையை எடுத்து இந்த உடம்பில் வைத்தார்கள் என்பதுதான் கதையின் ரகசியமே. அதைத் திறந்து வைத்துவிட்டு, அந்த முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று படம் கடைசிவரை கேட்கவே இல்லை.

இரண்டாவது தப்பு, காலி இடத்தைத் தேவையில்லை என்று நிரப்புவது. 'கவ்பாய் பீபாப்' 1998இல் ஷினிச்சிரோ வதனாபே இயக்கிய 26 அத்தியாயத் தொடர். நெட்ஃபிளிக்ஸின் 10 அத்தியாய வடிவம் 2021 நவம்பரில் வந்தது, டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டது. ஜான் சோ ஸ்பைக்காக நன்றாகத்தான் இருந்தார். ஜெட்டாக வந்த முஸ்தஃபா ஷக்கீர் அசலை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார். இசைக்கு அதே யோகோ கன்னோ. அப்புறம் என்ன குறை?

அனிமேயில் ஸ்பைக்கின் பழைய கதை துண்டு துண்டாகத்தான் வரும். ஐந்தாவது அத்தியாயத்தில் தேவாலயத்தின் ஜன்னலை உடைத்துக்கொண்டு அவன் கீழே விழுகிறான். அந்த மெதுவான விழுகையில் சில நினைவுகள் மின்னி மறையும், ஒரு பெண் தெரிவாள். அவள் யார் என்று யாரும் விளக்க மாட்டார்கள். ஜூலியா நிகழ்காலக் கதைக்குள் வருவதே கடைசி இரண்டு அத்தியாயங்களில்தான். கப்பலில் இருக்கும் நாலு பேரும் தங்கள் பழசைப் பேசாதவர்கள். தொடரும் அவர்களைப் போலவே பேசாமல் இருந்தது.

லைவ் ஆக்‌ஷனில் விஷஸுக்கும் ஜூலியாவுக்கும் தனிக் கதை, தனி வசனம், தனி சதி. ஒன்பதாவது அத்தியாயம் கிட்டத்தட்ட முழுசும் ஃபிளாஷ்பேக். மொத்த நேரம் அசலைவிடக் குறைவு. ஆனாலும் இந்த மூன்று பேரைப் பற்றி அசல் சொன்னதைவிடப் பல மடங்கு சொல்லிவிட்டார்கள். எல்லாம் தெரிந்த பிறகு ஸ்பைக்கின் சோகம் ஒரு சாதாரண முக்கோணக் காதல் சோகமாகச் சுருங்கிவிட்டது. கடைசியில் ஜூலியாவே ஸ்பைக்கைச் சுட்டு ஜன்னலுக்கு வெளியே தள்ளுகிறாள். அதே தேவாலயம், அதே விழுகை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, எது வேலை செய்தது? கெய்ஷி ஓடோமோ இயக்கிய 'ரூரோனி கென்ஷின்' படங்கள், 2012 முதல் 2021 வரை ஐந்து. கென்ஷின் முன்பு கொலைகாரன், இனி கொல்வதில்லை என்று சபதம் எடுத்தவன். அவன் வாளின் கூர் பக்கம் அவனைப் பார்த்து இருக்கும், மழுங்கிய பக்கத்தால்தான் அடிப்பான். மங்காவிலும் அனிமேயிலும் அவன் வேகத்தைக் கோடுகளாலும் நிற்கும் படங்களாலும் அடியின் பெயரை உரக்கச் சொல்வதாலும் காட்டுவார்கள். வரைகிறவனிடம் இருக்கும் கருவி அது.

படத்தில் இதையெல்லாம் பெரும்பாலும் ஓரமாக வைத்துவிட்டார்கள். ஹாங்காங் சண்டைப் படங்களில் பழகிய கென்ஜி தனிகாகி சண்டைகளை அமைத்தார். டகேரு சாட்டோ தரையோடு தரையாகச் சரிந்து ஓடுகிறார், ஒருவரை அடித்த வேகத்திலேயே திரும்பி அடுத்தவரைச் சாய்க்கிறார். அடி வாங்கியவன் சாகவில்லை, விழுந்து முனகுகிறான், எழுந்து மறுபடி வருகிறான். கொல்லாமல் இருப்பது எவ்வளவு உழைப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்டினால் ஒரே வீச்சில் முடிந்துவிடும். கடைசியாக வந்த 'த பிகினிங்' சபதத்துக்கு முந்தைய கதை, அதில் நிஜ வாளோடு அவன் சண்டை போடுவதைப் பார்த்தால் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். நிஜ உடம்புக்கு எடை உண்டு, களைப்பு உண்டு. வரைந்த கோட்டுக்கு அது கிடையாது. தன்னிடம் இருப்பதை வைத்து அதே சபதத்தைச் சொன்னதால்தான் அந்தப் படம் நின்றது.

என் வாதத்துக்கு எதிர் உதாரணம் மாதிரித் தெரிவது 2023இல் வந்த 'ஒன் பீஸ்'. தொப்பி, சட்டை, தலைமுடி எல்லாம் அசல் மாதிரியே, எய்ச்சிரோ ஓடாவே கூட இருந்து பார்த்துக்கொண்டார், ஜெயித்தும்விட்டது. ஆனால் எனக்கு அதில் நின்றது உடை இல்லை. நாமி தோற்றுப்போய் லூஃபியிடம் உதவி கேட்கும் இடம். ஓடாவின் கோட்டில் அழுகை என்றால் வாய் காது வரை கிழியும், கண்ணீர் அருவியாகக் கொட்டும். எமிலி ரட் அதைச் செய்து பார்க்கவில்லை. கேட்க வெட்கப்படுகிற ஒருத்தி கடைசியில் கேட்டுவிடுகிற முகம் அது. லூஃபி தன் தொப்பியை அவள் தலையில் வைக்கிறான். அனிமேயில் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது, இங்கேயும் அடைத்தது.

அடுத்த முறை ஒரு ஸ்டில் வெளியாகும்போது எனக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். விக் மோசமாக இருந்தால் மோசம் என்றுதான் சொல்வேன். ஆனால் தீர்ப்பைப் படம் பார்க்கும்வரை தள்ளி வைக்கலாம் என்று நினைக்கிறேன். அசலில் எனக்கு மறக்க முடியாத ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு, அது என்னை அங்கே என்ன செய்தது, இங்கே அந்த வேலையை எது செய்கிறது என்று மட்டும் பார்க்கப் போகிறேன். ஒன்றுமே செய்யவில்லை என்றால் அப்புறம் கத்தலாம்.