மேனி நிறமும் நிறச்சொல்லும்: இரு படநூல்களைத் தமிழாக்குவதில் எழும் சிக்கல்கள்

1. முன்னுரை

இளங்குழந்தைகளுடன் தோலின் நிறத்தைப் பற்றிப் பேசுவதற்குப் படநூல்களைப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றிய ஒன்றாகும். 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்த நான்சி லாரிக், அவற்றுள் 6.7 விழுக்காட்டு நூல்களில் மட்டுமே கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றிருப்பதை 1965இல் எடுத்துக்காட்டினார். எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' (1962) கறுப்பினச் சிறுவனை நாயகனாகக் கொண்ட நூல். எனினும் அதன் உரைப்பகுதி அவன் நிறத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. படம் மட்டுமே அதைக் காட்டுகிறது. பின்வந்த நூல்கள் நிறத்தைச் சொல்லாலும் சுட்டத் தலைப்பட்டன. அவ்வாறு சுட்டும் இரு நூல்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒன்று கேரன் காட்ஸ் எழுதி வரைந்த 'தி கலர்ஸ் ஆஃப் அஸ்' (1999). மற்றொன்று லுபிட்டா நியோங்கோ எழுதி, வஷ்தி ஹாரிசன் வரைந்த 'சுல்வே' (2019). இவற்றைத் தமிழாக்க முற்படுவோர் எதிர்கொள்ளும் சொற்சிக்கல்களை ஆராய்வதே இங்கு நோக்கம்.

2. தமிழில் மேனி நிறச் சொற்கள்

அடிப்படை நிறச்சொல் குறிப்பிட்ட ஒருவகைப் பொருள்களுக்கு மட்டும் உரியதாக இருத்தல் கூடாது என்பது, பெர்லின், கே ஆகிய இருவரும் 1969இல் வகுத்த அளவுகோல்களுள் ஒன்று. இதன்படி, மனித உடலுக்கே உரிய 'மாநிறம்' அடிப்படை நிறச்சொல் ஆகாது. 'கறுப்பு', 'சிவப்பு' ஆகியவை அடிப்படைச் சொற்களே. ஆயினும் மேனியைச் சுட்டும்போது அவற்றின் பொருளெல்லை மாறிவிடுகிறது. 'பெண் சிவப்பு' என்னும் தொடரில் குருதியின் நிறமோ செம்பருத்தியின் நிறமோ இல்லை. வெளிர்நிறம் என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தின் 'பிரவுன்' காகிதத்துக்கும் ரொட்டிக்கும் மனித உடலுக்கும் ஒன்றுபோல் வழங்குகிறது. அதற்கு நேராக நாம் எழுதும் 'பழுப்பு' முதிர்ந்த இலைக்கும் பழைய தாளுக்கும் பொருந்துமேயன்றி மனிதருக்கு வழங்குவதில்லை.

இதனினும் நுட்பமானது 'நிறம்' என்னும் பொதுச்சொல்லின் நிலை. 'அவள் நல்ல நிறம்', 'பையன் கலர்' என்னும் வழக்குகளில் அடை எதுவும் இன்றியே வெளிர்நிறம் உணர்த்தப்படுகிறது. 'நிறம் மட்டு', 'கலர் கம்மி' என்பன கருநிறத்தைக் குறிக்கும். அமெரிக்க ஆங்கிலத்தில் நிலைமை நேர்மாறானது. 1909இல் தோன்றிய கறுப்பின மக்கள் முன்னேற்ற அமைப்பின் பெயரில் உள்ள 'கலர்ட்' என்னும் சொல் கருநிறத்தவரையே சுட்டுகிறது. ஆங்கிலத்தில் நிறம் உடையவர் கறுத்தவர். தமிழ்ப் பேச்சுவழக்கில் நிறம் உடையவர் வெளுத்தவர். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் இங்கு முழுப்பொருளையும் தலைகீழாக்கிவிடக்கூடும்.

மதிப்பீடு இலக்கணக் கூறுகளிலும் ஊடுருவி நிற்பதைக் காணலாம். 'வெயிலில் கறுத்துப் போய்விட்டான்' என்பதில் வரும் 'போ' என்னும் துணைவினை விரும்பத்தகாத மாற்றத்தை உணர்த்துவது. நிறம் வெளுத்தாலோ 'நிறம் வைத்திருக்கிறது', 'நிறம் ஏறியிருக்கிறது' என்பர். 'கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்' என்பது பாராட்டாகவே கூறப்படுகிறது. ஆனால் '-ஆலும்' என்னும் ஈறு, கறுப்பு அழகுக்குத் தடை என்பதை முன்னரே ஒப்புக்கொள்ளச் செய்துவிடுகிறது. மொழியறிவு முதிரும் பருவத்திலுள்ள குழந்தை இந்த ஈற்றின் பொருளையும் சேர்த்தே கற்கிறது.

3. சமையலறை உவமைகள்

'தி கலர்ஸ் ஆஃப் அஸ்' நூலின் நாயகி லீனா ஏழு வயதுச் சிறுமி. தன்னை வரைய விரும்பும் அவளிடம் ஓவியரான தாய், சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை ஆகியவற்றைத் தக்க அளவில் கலந்தால் உரிய 'பிரவுன்' கிடைக்கும் என்கிறாள். பின்னர் இருவரும் தெருவில் நடந்து, எதிர்ப்படுவோர் ஒவ்வொருவரின் நிறத்துக்கும் பெயர் காண்கின்றனர். லீனா இலவங்கப்பட்டை, மற்றவர்கள் தேன், நிலக்கடலைவிழுது, சாக்லேட், பீட்சாவின் மேலோடு எனப் பெயர் பெறுகின்றனர்.

மனிதர் அனைவரும் ஒரே நிறத்தின் பல சாயல்கள் என்பதே இந்நூலின் கருத்து. வண்ணம் குழைக்கும் காட்சியில் 'பழுப்பு' என்று எழுதுவதில் தடையில்லை. அந்தச் சொல் தாளிலிருந்து மனிதரிடம் தாவ வேண்டிய இடத்தில்தான் தமிழ் முறிகிறது. 'மாநிறம்' என்று பெயர்த்தால், அது கறுப்புக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட ஒரு படி மட்டுமே ஆகிவிடுகிறது. எல்லாரையும் உள்ளடக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

உணவு உவமைகளும் எளியன அல்ல. 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்னும் பழமொழி நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அடிப்பிடித்த சோற்றுக்கு நிகராக வைத்துக் கறுப்பைத் தேற்றுகிறது அது. மேலும் உணவுக்கும் உயர்வு தாழ்வு உண்டு. ஒரு குழந்தையைப் பால் என்றும் மற்றொன்றைக் கேழ்வரகு என்றும் கூறினால், அரிசிச்சோற்றுக்கும் கேழ்வரகுக்கும் இடையே சமூகம் வைத்துள்ள ஏற்றத்தாழ்வும் உடன் வந்துசேரும். கருப்பட்டி, தேன், வெல்லப்பாகு, பட்டை ஆகியன குழந்தைகள் விரும்பும் சுவையும் மணமும் உடையவை. எனவே 'தேன்நிறம்', 'கருப்பட்டிநிறம்' என உவமைப் பெயரோடு 'நிறம்' சேர்ந்த தொகைச்சொற்களை அமைப்பது ஏற்புடையதாகத் தோன்றுகிறது. 'நிறம்' என்னும் சொல்லை வெளிர்நிறத்தின் தனியுரிமையிலிருந்து மீட்கும் பயனும் இதனால் விளையும்.

4. பொழுது உவமைகள்

'சுல்வே' உணவை விடுத்துப் பொழுதை அளவாகக் கொள்கிறது. சுல்வே நள்ளிரவின் நிறம். அவள் தாய் விடியல், தந்தை அந்தி, சகோதரி மிச் உச்சிப்பகல். தன் நிறத்தைப் போக்கச் சுல்வே அழிப்பானால் தேய்த்துப் பார்க்கிறாள். பின்னர் ஒரு விண்மீன் அவளுக்கு இரவு, பகல் என்னும் உடன்பிறப்புகளின் கதையைச் சொல்கிறது. லுவோ மொழியில் 'சுல்வே' என்பதற்கு விண்மீன் என்று பொருள்.

நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்த இலக்கண மரபு உடைய மொழிக்கு இவ்வளவுகோல் அயலானதன்று. ஆயினும் ஓரிடத்தில் விழிப்பு வேண்டும். 'அந்தி' தமிழில் செவ்வானத்தை நினைவூட்டும். சிவனை 'அந்திவண்ணன்' என்பது அதனால்தான். தந்தையை 'அந்தி நிறம்' என்றால், தமிழ்க் குழந்தையின் செவியில் அவர் 'சிவப்பு' ஆகிவிடுவார். மூலத்திலோ அவர் தாயினும் கருநிறத்தவர். இவ்விடத்தில் 'கருக்கல்' என்னும் பேச்சுவழக்குச் சொல் பொருந்தும். அது வைகறை இருளையும் குறிக்குமாயினும், தாய்க்கு 'விடியல்' என்று வேறு சொல் அமைந்துவிடுவதால் மயக்கம் நேராது.

5. வாசிப்பவரின் குரல்

படநூலைக் குழந்தை தானாகப் படிப்பதில்லை; பெரியவர் ஒருவர் படித்துக் காட்டுகிறார். தமிழில் இது இரட்டை மொழிபெயர்ப்பாக அமைகிறது. அச்சில் உள்ள எழுத்துத்தமிழைப் பெரியவர் அந்தக் கணத்திலேயே பேச்சுத்தமிழாக மாற்றுகிறார். நான் செய்த வரைவு ஒன்றில் 'பழுப்பு நிறச் சிறுமி' என்று எழுதியிருந்தேன். அதை உறவினர் ஒருவர் தம் ஐந்து வயது மகளுக்குப் படித்தபோது 'கொஞ்சம் கறுப்பா இருப்பா, ஆனா அழகா இருப்பா' என்று இயல்பாகச் சொல்லிச் சென்றார். அவருக்குத் தீய எண்ணம் ஏதுமில்லை. வரைவில் இல்லாத 'ஆனா' அவர் வாயில் தானே வந்தது. அருகிலிருந்த சிறுமி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். குறை வரைவினுடையது என்று அன்று உணர்ந்தேன். பேச்சில் இடமில்லாத சொல்லைத் தந்தால், வாசிப்பவர் தம் பழக்கச் சொல்லால் அவ்விடத்தை நிரப்புவார். எனவே வாய்க்கு எளிதாகவும் மாற்ற வேண்டாததாகவும் உள்ள சொல்லே படநூலுக்கு உரியது. அத்தகைய சொல் அமையாத இடங்களில், படத்தைச் சுட்டி 'இந்த நிறம்' என்று கூறுவதே போதும்.

6. முடிவுரை

மேற்காட்டிய மதிப்பீடுகள் தமிழின் மாறா இயல்புகள் அல்ல. கறுப்பு, சிவப்பு என்னும் இரண்டையும் தொல்காப்பிய உரியியல் வெகுளிப்பொருளில் இணையாகவே வைத்து, அவை நிறத்தையும் உணர்த்தும் என்று பின்னர்க் கூறுகிறது. சங்க அகப்பாடல்களில் தலைவியின் மாமை அழகு. அதனை அழித்துப் படரும் வெளிறிய பசலை துன்பத்தின் அறிகுறி. திருக்குறளில் பசப்புக்கென ஓர் அதிகாரமே உண்டு. அங்கு வருந்தத்தக்க மாற்றம் வெளுத்தலே. இதனைப் பழம்பெருமையாக எடுத்தோத வேண்டியதில்லை. ஒரே மொழி இருவேறு காலங்களில் இருவேறு மதிப்பீடுகளைத் தாங்கியுள்ளது என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்கது.

மாறிய ஒன்று மீண்டும் மாறக்கூடும். அமெரிக்கக் கிரேயோலா நிறுவனம் 'ஃபிளெஷ்' என்னும் வண்ணக்குச்சியின் பெயரை 1962இல் 'பீச்' என மாற்றியது. 2020இல் மேனி நிறங்களுக்கென 24 குச்சிகளை வெளியிட்டது. நம் குழந்தைகள் இன்றும் வெளிறிய ஒரே குச்சியை 'ஸ்கின் கலர்' என்று கேட்பதைக் காண்கிறோம். அவர்களுக்கான நூலைத் தமிழாக்குவோர், வரைவை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறையேனும் பிறர் வாயால் படிக்கக் கேட்டல் நன்று. எந்த இடத்தில் 'ஆனால்' நுழைகிறதோ அந்த இடத்தில் சொல்லைத் திருத்துதல் வேண்டும்.