கியர் மாற்ற முடியாத பந்தயம்

பாடாலூர் பக்கம் டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்குக் கியரைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கரிசலில் ஐந்து கொத்துக் கலப்பை இறங்கினால் 'லோ', மக்காச்சோள மூட்டையோடு திருச்சி சாலையில் ஏறினால் 'ஹை'. கை தானாகவே போய்விடும். அவர்களில் ஒருவரைக் கொண்டுபோய் ஒரு வேகப் படகில் உட்கார வையுங்கள். வெளிப்பொருத்து (அவுட்போர்டு) எஞ்சின் என்றால் முன்னே, நியூட்ரல், பின்னே என்று ஒரு நெம்புகோல் இருக்கும். அவ்வளவுதான். கிளம்புவதற்கும், வளைவதற்கும், நேர்க்கோட்டில் பறப்பதற்கும் பெரும்பாலும் ஒரே பல்சக்கர விகிதம். பிரேக்கும் கிடையாது.

அப்படியானால் கியர் எங்கே இருக்கிறது? பாதி, தண்ணீருக்குள் முங்கியிருக்கும் கியர் பெட்டியில். மீதி, அதன் பின்னால் சுழலும் புரொப்பல்லரில். இரண்டையும் கரையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். தண்ணீரில் இறங்கிய பிறகு மனம் மாறினால் பயனில்லை.

கடல் இல்லாத மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. கோயம்புத்தூருக்கும் கடல் இல்லை. ஆனால் அங்குள்ள குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் 'சீ சக்தி' என்று ஓர் அணி கட்டி, 'யாளி' என்று பெயர் வைத்த மின்படகோடு 2022 ஜூலையில் மொனாக்கோவில் போய் நின்றார்கள். மொனாக்கோ எனர்ஜி போட் சேலஞ்சுக்கு இந்தியாவிலிருந்து போன முதல் அணி அதுதான். பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊர் படகு மோட்டாரில் கை வைத்ததில் ஆச்சரியமில்லை. எனக்கு ஆச்சரியம், நம் விளையாட்டுப் பக்கங்கள் அதைக் கல்லூரிச் செய்தியாக ஒதுக்கிவிட்டதுதான்.

அந்தப் போட்டியின் விதியே அலசலுக்கு விருந்து. எனர்ஜி பிரிவில் போட்டியிடும் எல்லோருக்கும் ஒரே மாதிரியான இரட்டை உடல் மிதவையை மொனாக்கோ யாட் கிளப்பே கொடுத்துவிடுகிறது. படகில் ஏற்றிச்செல்லும் ஆற்றலுக்கும் 10 கிலோவாட் மணி என்று உச்சவரம்பு. ஓட்டுநர் அமரும் கூடும், மோட்டாரிலிருந்து புரொப்பல்லர் வரையிலான அமைப்பும்தான் அணியின் சொந்த வேலை. உடலும் ஒன்று, ஆற்றலும் ஒன்று என்றால், வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்தத் தண்டிலும் பல்சக்கரத்திலும் இறக்கையிலும்தான் இருக்கும்.

கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒரு முழுச் சுற்றில் புரொப்பல்லர் திருகாணி போல எவ்வளவு தூரம் முன்னேற வேண்டுமோ, அதுதான் பிட்ச். 24 அங்குலப் பிட்ச் என்றால் சுற்றுக்கு ஏறத்தாழ 61 சென்டிமீட்டர். எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் சுழல்கிறது, கியர் விகிதம் 1.75 என்று வைத்துக்கொள்வோம். புரொப்பல்லர் நிமிடத்துக்கு 3,430 சுற்று போடும். காகிதத்தில் மணிக்கு 125 கிலோமீட்டர். ஆனால் தண்ணீர் மரக்கட்டை இல்லை, வழுக்கும். இந்த வழுக்கலுக்கு 10 சதவீதம் கழித்தால் 113. அதே எஞ்சினில், அதே புரொப்பல்லரை வைத்துக்கொண்டு விகிதத்தை மட்டும் 1.87 ஆக்கினால் காகித வேகம் 117க்கு இறங்கும். 26 அங்குலப் பிட்ச் போட்டால் மறுபடி 127. ஆக, ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடித்துவிடலாம்.

பிடித்துவிடலாம் என்றால் விகிதத்தைப் பற்றி ஏன் இத்தனை சண்டை? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கியர் விகிதம் என்பது வேகத்தைப் பற்றிய முடிவு அல்ல. எவ்வளவு பெரிய புரொப்பல்லரைச் சுழற்றப் போகிறோம் என்பதைப் பற்றிய முடிவு. விகிதம் கூடக் கூட புரொப்பல்லர் மெதுவாகச் சுழலும், முறுக்குவிசை கூடும், அகலமான இறக்கையைத் தள்ள முடியும். நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவது கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். பாரம் ஏற்றிய படகுக்கு அதுவே சரி. ஆனால் முறுக்குவிசை கூடினால் அதைத் தாங்கும் பல்சக்கரம் பெரிதாகும். அதை மூடும் கியர் பெட்டி பருக்கும். வேகம் ஏற ஏற அந்தப் பெட்டியே தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். மெல்லப் போகும் படகில் இந்த இழுவை பெரிய விஷயமில்லை. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் படகில் அதுதான் முதல் எதிரி. அதனால்தான் இலேசான பந்தயப் படகுகளில் ஒல்லியான கியர் பெட்டி, குறைந்த விகிதம், பாதி இறக்கை காற்றில் வெளியே வந்து போகும் 'கிளீவர்' ரகப் புரொப்பல்லர்.

மெர்க்குரி நிறுவனத்தின் வி6 படகு எஞ்சின்களில் பரிச்சயமான விகிதங்களைப் பல்லாக எண்ணிப் பார்த்தால் ஒரு ருசி. 1.87 என்பது 15க்கு 28 பல். 1.62 என்பது 13க்கு 21. இந்த ஜோடிகளுக்குப் பொது வகுஎண் இல்லை. 15க்கு 28இல் ஒரு குறிப்பிட்ட பல் அதே எதிர்ப்பல்லை மறுபடி சந்திக்கச் சின்னச் சக்கரம் 28 முறை சுற்ற வேண்டும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பங்கிடப்படும். 1.75 மட்டும் 12க்கு 21. அதில் ஏழே சுற்றில் பழைய ஜோடி சேர்ந்துவிடும்.

புரொப்பல்லரைக் கையில் எடுத்துப் பின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். நல்ல பந்தயப் புரொப்பல்லரில் அந்த ஓரம் லேசாக மடிந்து நகக்கண் போல வளைந்திருக்கும். 'கப்' என்பது அதுதான். அந்தச் சின்ன மடிப்பு, காற்று கலந்த தண்ணீரிலும் இறக்கை பிடி நழுவாமல் பார்த்துக்கொள்ளும். எஞ்சின் ஆர்பிஎம்மையும் ஓரிரு நூறு குறைத்துவிடும். ஒரே அச்சில் வார்த்த இரண்டு புரொப்பல்லர்கள்கூட ஒரே வேகம் தருவதில்லை. ஆகவே பிட்ச் எண்ணை மட்டும் கேட்டு வாங்குவது, சட்டையின் கழுத்தளவை மட்டும் சொல்லிக் கைநீளத்தை விட்டுவிடும் வேலைதான்.

ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் பந்தயப் பேச்சிலும் உண்டு. 2018 நவம்பர் 16 முதல் 18 வரை அமராவதியில், கிருஷ்ணா நதியில், எஃப்1 எச்2ஓ வேகப் படகுப் பந்தயம் நடந்தது. 2004இல் மும்பையில் நடந்ததற்குப் பிறகு இந்தியாவுக்கு அது வந்தது அப்போதுதான். ஸ்வீடனின் ஜோனாஸ் ஆண்டர்சனும் எரிக் எடினும் 'அமராவதி' என்ற பெயர் தாங்கிய படகுகளை ஓட்டினார்கள். பேச்செல்லாம் 400 குதிரைத்திறன், 200க்கு மேல் வேகம் என்பதில் நின்றது. என் பார்வையில் அந்த உச்ச வேகம்தான் மிகக் குறைவாகப் பயன்படும் எண். சுற்று சிறியது, மிதவைகளைச் சுற்றித் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். உச்ச வேகத்தில் படகு இருப்பது சில நொடிகள். பந்தயம் முடிவாவது, வளைவிலிருந்து வெளியே வரும்போது எஞ்சின் தன் பலம் பிறக்கும் ஆர்பிஎம்முக்குள் இருக்கிறதா என்பதில். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அந்த எல்லை குறுகியது. பிட்ச் ஓர் அங்குலம் அதிகமானால் நேர்க்கோட்டில் கை தட்டலாம், ஆனால் வளைவு முடிந்ததும் எஞ்சின் மூச்சுத் திணறும். அதற்குள் அடுத்த படகு முந்தியிருக்கும். போதாக்குறைக்கு நம் ஊர் வெப்பமும் ஈரப்பதமும் எஞ்சினின் பலத்தைக் கொஞ்சம் தின்னும். குளிர்நாட்டில் சரியாக இருந்த பிட்ச் இங்கே அதிகப்படியாகிவிடும்.

மின்மோட்டாருக்கு இந்தத் திணறல் கிடையாது. நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசை. ஆனால் அதற்கு வேறு தண்டனை. பிட்ச் அதிகமானால் மோட்டார் முனகாமல் சுழலும், பேட்டரியிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சித் தள்ளும், கண்ட்ரோலர் சூடாகும். புரொப்பல்லர் குடிக்கும் திறன் ஏறத்தாழ ஆர்பிஎம்மின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். சுழற்சியைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் செலவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். அதே 10 கிலோவாட் மணியில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் தூரம் கிடைக்கும். நெடுநேர ஓட்டத்தில் அவசரப்படாதவனுக்கு இது பொன்னான கணக்கு.

சிக்கல் என்னவென்றால் மொனாக்கோவில் ஒரே படகு நெடுநேர ஓட்டமும் ஓட வேண்டும், மிதவைகளுக்கிடையே வளைந்தும் போக வேண்டும், நேர்க்கோட்டில் பாயவும் வேண்டும். முதலாவதுக்குப் பெரிய, மெதுவான புரொப்பல்லர். மூன்றாவதுக்குச் சிறிய, வேகமானது. நடுவிலுள்ளதற்கு நான்கு இறக்கை வைத்து, வேகத்தில் கொஞ்சம் இழந்தாலும் பிடிப்பில் சம்பாதிக்கலாம். என்னைக் கேட்டால் நெடுநேர ஓட்டத்துக்காகவே கியரையும் விட்டத்தையும் தீர்மானித்துவிட்டு, பாய்ச்சலில் சில நொடிகளை விட்டுக்கொடுப்பேன். ஆற்றலுக்கு உச்சவரம்பு வைத்த போட்டியில் அதுதான் விதியின் போக்கோடு போவது. பாய்ச்சலில் முதலிடம் வந்தால்தான் படம் பத்திரிகையில் வரும் என்று எதிர்வாதம் செய்யலாம். அந்த வாதம் தப்பென்றும் சொல்லிவிட முடியாது.

அடுத்த ஜூலையில் மொனாக்கோ முடிவுகள் வரும்போது மொத்தத் தரவரிசையை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு சோதனையிலும் அணி எந்த இடம் என்று தனித்தனியாகப் பாருங்கள். பாய்ச்சலில் முன்னேயும் நெடுநேர ஓட்டத்தில் வெகு பின்னேயும் ஓர் அணி இருந்தால், ஓட்டுநரைக் குறை சொல்லும் முன் அது எந்தப் பிட்சைப் பூட்டியிருந்தது என்று விசாரியுங்கள்.