நாய்க்குட்டிக்கு ஒரு கூண்டு

நிலைக்கதவு செய்கிற ஆசாரியை ஊரே புகழும். நாய்க்கூண்டு செய்பவரை யார் கண்டுகொள்கிறார்கள்? பழைய பேக்கிங் பெட்டிப் பலகை, நாலு சட்டம், கொஞ்சம் ரீப்பர், அவ்வளவுதான் சரக்கு. ஆனால் இழைப்புளி ஓடத் தொடங்கியதும் அந்த அழுக்குப் பலகைக்குள்ளிருந்து வெளிர்மஞ்சள் எட்டிப் பார்க்கும். சுருள் சுருளாகச் சீவல் விழும். பைன் மரமானால் லேசான பிசின் வாசனை வேறு. முதலில் கரகரவென்று முரண்டுபிடிக்கிற இழைப்புளி, மேடுபள்ளம் தீரத் தீர ஒரே சீராக ஓடும். பலகை வழவழப்பாகிவிட்டதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆணி அடிக்கிற கட்டம். பலகையின் ஓரத்தில் அடிப்பதற்கு முன், ஆணியைத் தலைகீழாக நிறுத்திக் கூர்முனையில் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. முனை மழுங்கியிருந்தால் மரம் அவ்வளவு எளிதில் பிளக்காது. கூரான ஆணி நாரை விலக்கிக்கொண்டு போகும், மழுங்கியது நசுக்கிக்கொண்டு இறங்கும். ரீப்பர் இடைவெளிக்கு டேப் எல்லாம் கிடையாது. குட்டியின் தலையை ஆசாரி உள்ளங்கையில் ஒருமுறை பிடித்துப் பார்க்கிறார், அதைவிட நெருக்கி வைக்கிறார். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும் அல்லவா? ஈரம் ஏறாமலிருக்கத் தரைப்பலகைக்கு அடியில் இரண்டு கட்டை. உள்ளே பெயின்ட் வேண்டாம் என்கிறார், கடித்துத் தின்றுவிடுமாம். கடைசியில் உப்புத்தாள். வெளிப்பக்கத்தைப் பேருக்குத் தேய்த்துவிட்டு, குட்டி உரசப்போகிற வாசல் விளிம்பை மட்டும் விரலால் தடவித் தடவி, சிராய் இல்லை என்று தெரியும்வரை விடுவதில்லை. பேசிய கூலியில் இந்தத் தடவல் சேர்த்தியே இல்லை.